மலை தெரிகிற பக்கம்

கத்தானியா போகிற விமானத்தில் எந்தப் பக்கம் உட்காரலாம் என்று எங்கள் ஊர்க்காரர் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். கேட்ட வாய் மூடுவதற்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் சிரினோ பக்கத்தில் இருந்தால் அந்த நாலு பேரும் தேவையில்லை. அவர்கள் பேச வேண்டியதையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது எட்னா எரிமலை. எங்களுக்கு வெறும் மலை. அதுவும் பெண். காலையில் பால்கனிக் கதவைத் திறக்கும்போதே "இன்னிக்கு அவ எப்படி இருக்கா?" என்றுதான் கேட்போம். புகைத்தால் மூச்சு விடுகிறாள். நெருப்பைக் கக்கினால் கோபமாக இருக்கிறாள். கருமணலை வாரி மாடியெல்லாம் இறைத்தால் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். வடக்கே போய்விட்டுத் திரும்பும்போது விமானத்திலிருந்து அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கினால் சிரினோவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

எனக்கு அந்தப் பைத்தியம் கிடையாது. ஆனால் இந்தத் தடவை விஷயமே வேறு.

எங்கள் ஒரே மகன் சாந்தோ டூரின் நகரத்தில் வேலை பார்க்கிறான். போய்ப் பத்து வருஷமாகிறது. கிறிஸ்துமஸுக்கு வருவான், ஆகஸ்டில் வருவான். அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண் லிவியா, குழந்தைகள் டாக்டர். நல்ல பெண். அவளுக்கு எங்கள் கத்தானியாவிலேயே ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருந்தது. அவள் வந்தால் சாந்தோவும் வந்துவிடுவான். ஆனால் லிவியா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அம்மாவத் தனியா விட்டுட்டு வர மாட்டேன். அம்மா கூட வந்தா வரேன். அவங்க சரின்னா சரி."

ஆக, என் மகன் ஊர் திரும்புவது சம்பந்தி அம்மா ஒத்தாவியாவின் கையில். கணவர் போய் ஏழு வருஷமாக டூரினில் தனியாக இருக்கிறவர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, நிமிர்ந்த முதுகு, பேச்சு குறைவு. பேசாதவர்களைக் கண்டால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பயம்.

நிச்சயதார்த்த விருந்துக்கு நானும் சிரினோவும் டூரின் போனோம். "ஒரு வாரம் எங்க ஊருக்கு வந்து இருந்து பாருங்க" என்று சம்பந்தி அம்மாவைக் கூப்பிட்டோம். வருகிறேன் என்றார். அவ்வளவுதான், சிரினோ மடிக்கணினியில் இருக்கைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குளியலறை டைல்ஸும் குழாயும் விற்றுக் கடையை மூடிய மனிதர். எந்த டைல்ஸை எந்தச் சுவரில் ஒட்டினால் வெளிச்சம் எப்படி விழும் என்று வாங்க வந்தவர்களை மணிக்கணக்கில் வாட்டியெடுத்த பழக்கம் இன்னும் போகவில்லை.

"வலது பக்கம், வெனேரா. சன்னல். இறக்கைக்கு முன்னாடி. இறக்கை மேல உக்காந்தா தகரத்தத்தான் பாக்கணும். ரொம்ப முன்னாடி போனா கக்கூஸ் வாசல்ல உக்காரணும். அந்தம்மா சன்னல்ல, நீ நடுவுல, நான் ஓரத்துல."

"எங்க உக்காந்தா என்ன? ஊர் போய்ச் சேந்தா சரி."

"உனக்குப் புரியல. விமானம் கடலோரமா இறங்கும்போது, சாயங்கால வெயில்ல, பனி போத்திக்கிட்டு அவ நிப்பா பாரு. அதப் பாத்துட்டு எவ வேண்டாம்னு சொல்லுவா? இது சீட்டு இல்லடி. நம்ம பையன்."

அவர் சொன்னதில் பாதியை நான் எப்போதும் காதில் வாங்குவதில்லை. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்று முதல் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

விமான நிலையத்தில் கத்தானியா வாசலைத் தேடவே வேண்டாம். கூப்பிடுவதற்கு வெகுநேரம் முன்பே எங்கே வரிசை கட்டி, இடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு நிற்கிறார்களோ அதுதான் எங்கள் வாசல். சம்பந்தி அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். சிரினோ வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்களிடம் எங்கள் குடும்பக் கதையை முழுசாகச் சொல்லி முடித்து, வலப்பக்கம் சரிதானே என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"வலதா?" என்றார் ஒருவர். குட்டையாக, தடித்த கழுத்தோடு, கையில் ஒரு பெரிய பாலாடைக்கட்டிப் பொட்டலத்தோடு நின்றார். பெயர் பார்பரோ. மலைக்குத் தென்மேற்கே பதெர்னோவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறாராம். "அண்ணே, யாரு சொன்னா வலதுன்னு? இன்னிக்குக் கிழக்குக் காத்து. காத்துக்கு எதுக்கத்தான் இறக்குவான். சுத்திக்கிட்டு எங்க ஊர்ப் பக்கத்துலேருந்து வருவான். அப்ப மலை எந்தப் பக்கம்? இடது!"

"நாப்பது வருஷமா போய் வரேன். வலதுதான்."

"நாப்பது வருஷமா தப்பாப் போய்ட்டு வரீங்க."

சிரினோவின் காது சிவந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோனேன்.

போன இடத்திலும் விடவில்லை. எங்கள் வரிசையிலேயே, நடைபாதைக்கு அந்தப் பக்கம், இடது சன்னலோரம் அதே பார்பரோ. பாலாடைக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சிரினோவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

விமானம் கிளம்பிக் கடல் மேல் வந்தது. கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து, வணக்கம் சொல்லி, வானிலை சொல்லி, "கத்தானியாவில் கிழக்கிலிருந்து காற்று" என்று முடித்தார். பார்பரோ தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சிரினோவின் முகம் சுருங்கியது.

"வெனேரா, அவன் சொல்றது ஒருவேளை..."

"சும்மா இரு."

"நம்ம பையன் விஷயம், வெனேரா."

இந்தத் தடவை நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. சிரினோ நடைபாதையைத் தாண்டிக் குனிந்து, பார்பரோவிடம் ஏதோ பேசினார். பார்பரோ பெரிய மனது பண்ணி எழுந்தார். "கொண்டு வாங்க அந்தம்மாவ. என் சீட்டத் தரேன். ஒரு குடும்பம் சேரணும்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"டீச்சரம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் மாறி உக்காந்துக்கறீங்களா?" என்றார் சிரினோ.

"ஏன்?"

"அங்க காத்து நல்லா வரும்."

விமானத்துக்குள் என்ன காற்று? சம்பந்தி அம்மா மூக்குக்கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். பிறகு கோட்டை எடுத்தார், கைப்பையை எடுத்தார், புத்தகத்தை எடுத்தார், கண்ணாடிக் கூட்டை எடுத்தார். என்னையும் சிரினோவையும் தாண்டி, பார்பரோ பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரை எழுப்பித் தாண்டி, இடது சன்னலோரம் போய் உட்கார்ந்தார். பார்பரோ பாலாடைக்கட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துச் சன்னலுக்கு வந்தார்.

உட்கார்ந்து கோட்டை மடித்து வைப்பதற்குள் எங்களுக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மலைக்குக் கிழக்கே ஸஃபெரானா ஊர்க்காரி, கயெத்தானா என்று பெயர். டூரினில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாசத்துக்கு ரெண்டு தடவை போய்வருகிறாளாம்.

"யாரு அந்தப் பொம்பளைய அங்க அனுப்பினது? காத்து எப்படி அடிச்சாலும் மொதல்ல கடலோரமாத்தான் வருவான். அந்த அழகெல்லாம் வலது பக்கம்தான். இடது பக்கம் கடைசியில ரெண்டு நிமிஷம், அதுவும் இருட்டுல."

"நான் சொன்னேன்ல!" என்று சிரினோ துள்ளி எழுந்தார்.

மறுபடியும் கோட்டு, கைப்பை, புத்தகம், கண்ணாடிக் கூடு. தூங்குகிற அதே இரண்டு பேரை மறுபடியும் எழுப்பி, சம்பந்தி அம்மா திரும்பி வந்தார், பார்பரோ தன் சன்னலுக்குத் திரும்பினார். பணிப்பெண் வேகமாக வந்தாள்.

"இங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா," என்றார் சிரினோ. "காத்துதான் சரியில்ல."

"அவங்க அவங்க சீட்டுல உக்காருங்க. இனிமே யாராவது எழுந்தீங்க, கேப்டன்கிட்ட சொல்லிடுவேன்."

சம்பந்தி அம்மா பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். மேற்கு வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. வலப்பக்கம் வாங்கினால் சாயங்காலம் சூரியனையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம் என்பது என் வீட்டுக்காரர் கணக்கில் வரவே இல்லை. சம்பந்தி அம்மா சன்னல் மறைப்பை ஒரே இழுப்பில் கீழே இறக்கினார், கண்ணாடியைக் கழற்றினார், தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் மூன்று பேருக்கும் மூச்சே நின்றுவிட்டது. மூன்று பேர் என்றது சிரினோ, நான், பின்னால் கயெத்தானா. நடைபாதைக்கு அந்தப் பக்கம் பார்பரோவும் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த சன்னல், கறுப்பாகச் சாத்திக் கிடக்கிறது.

"எழுப்புங்க," என்று கயெத்தானா கிசுகிசுத்தாள்.

"சம்பந்தியை எப்படி எழுப்பறது? பையன் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே சண்டை வந்துரும்," என்றேன்.

சிரினோ இருமினார். பிறகு நன்றாக இருமினார். முன்வரிசைக்காரர் திரும்பி அவருக்கு ஒரு இருமல் மிட்டாய் கொடுத்தார். பார்பரோ பாலாடைக்கட்டிப் பொட்டலத்தைத் திறந்து வைத்தார், அந்த நாற்றத்துக்குச் செத்தவனும் எழுந்துவிடுவான் என்று. சம்பந்தி அம்மாவின் கண்ணிமை கூட அசையவில்லை.

"இவங்க மனசு வெக்கலன்னா என்ன ஆகும்?" என்று கயெத்தானா இரு இருக்கைகளுக்கு நடுவே வாயை வைத்துக் கேட்டாள்.

யாரிடமும் சொல்லாததை அந்த இடுக்கில் சொல்லிவிட்டேன். "என் பையன் அங்கயே இருந்துடுவான். வருஷத்துக்கு ரெண்டு தடவ வரான். கதவத் தொறந்து உள்ள வரும்போதே என்னிக்குப் போறேன்னு சொல்லிடறான். அன்னிலேருந்து நான் அவனோட உக்காந்து சாப்பிடறதே இல்ல, நாளத்தான் எண்ணிக்கிட்டிருக்கேன். அவனுக்குப் பொறக்கற குழந்தையையும் அப்படி எண்ணி எண்ணிப் பாக்கணுமேன்னு இருக்கு." சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது.

"அழாதீங்க," என்றாள் கயெத்தானா. "அவ முகத்தக் காட்டட்டும். அப்புறம் பாருங்க."

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது பணிப்பெண்தான். இறங்கப் போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள், சன்னல் மறைப்பை எல்லோரும் மேலே ஏற்றுங்கள் என்று அறிவித்தாள். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் யாரோ, அவனுக்கு நூறாயுசு. சம்பந்தி அம்மா கண்ணைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மறைப்பை ஏற்றினார்.

சன்னல் முழுக்க அவள்தான் நின்றாள். உச்சி முதல் பாதி உடம்பு வரை பனி, அந்தப் பனி முழுக்க ரோஜா நிறம், தலைக்கு மேல் மெல்லிசாக ஒரு புகை கடலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. சம்பந்தி அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார்.

"வருஷா வருஷம் கரும்பலகையில வரைஞ்சேன்," என்றார். "ஒரு முக்கோணம், நடுவுல ஒரு குழாய், மேல கொஞ்சம் புகை. பசங்களும் அப்படியே வரைஞ்சு மார்க் வாங்கிட்டுப் போனாங்க. இவ்வளவு பெருசுன்னு எனக்கே தெரியாமப் போச்சே." பிறகு என் பக்கம் திரும்பி, முதல் தடவையாகச் சிரித்தார். "ரொம்ப அழகு, வெனேரா."

கயெத்தானா பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினாள். சிரினோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மனசுக்குள் என் மகன் வீட்டுக்குத் திரைச்சீலைத் துணியே எடுத்துவிட்டேன்.

அத்தோடு விமானம் தரையிறங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பார்பரோ சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. கடலோரமாகத் தெற்கே போன விமானம், காற்றுக்கு எதிரே இறங்குவதற்காகச் சமவெளி மேல் பெரிய வட்டம் அடித்துத் திரும்பியது. அதற்குள் இருட்டிவிட்டது. வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம் பார்பரோ கூவினார்.

"பாத்தீங்களா! இடது! நான் அப்பவே சொன்னேன்! அண்ணே, அந்தம்மாவுக்குக் காட்டுங்க, இன்னிக்கு அவ முழு அலங்காரத்துல இருக்கா!"

எழுந்திருக்க முடியாது, பெல்ட். அதனால் பார்பரோ கைப்பேசியில் படமெடுத்து நீட்டினார். தூக்கம் போன அந்த இரண்டு பேர் கைமாறி, சிரினோ கைமாறி, என் கைக்கு வந்தது. நான் பார்த்ததும் அதைக் கீழே போட்டு உடைத்திருக்க வேண்டும். புத்தி வேலை செய்யவில்லை. சம்பந்தி அம்மாவிடம் கொடுத்தேன்.

"இது என்ன சிவப்புக் கோடு?" என்று கேட்டார் சம்பந்தி அம்மா.

"எரிகுழம்பு, டீச்சரம்மா!" என்றார் சிரினோ, திருவிழா வாணவேடிக்கை கண்ட குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "நேத்துத்தான் வாயத் தொறந்திருக்கா. நீங்க வரீங்கன்னே தொறந்திருக்கா! எல்லாருக்கும் இந்தக் கொடுப்பினை கிடைக்காது."

"கீழ இருக்கற விளக்கெல்லாம்?"

"வீடுங்க. அதுதான் பெதாரா, கத்தானியாவுக்கு மேல மலையடியில நம்ம ஊரு. இந்தக் கோடு இருக்கே, அத அப்படியே விரலால கீழ இழுங்க. இன்னும். இன்னும். அங்கதான்! அதுதான் நம்ம வீட்டுச் சமையலறை!"

பாவி மனுஷன், விரலை வைத்தே காட்டினார். நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

"நேரா இல்லீங்க," என்றேன். "கொஞ்சம் தள்ளி."

"தள்ளித்தான்," என்று பார்பரோ நடைபாதைக்கு அந்தப் பக்கமிருந்து ஆறுதல் சொன்னார். "எங்க சித்தப்பா வீடும் தள்ளித்தான் இருந்திச்சு. ஆனா பாருங்க, அவ மெதுவாத்தான் வருவா. கட்டிலக் கழட்டி வண்டியில ஏத்த நேரம் குடுப்பா. அலமாரியக் கூட எடுத்துட்டு வந்துட்டோம்."

"கதவு, நிலை எல்லாம் எடுத்தீங்களா?" என்று கேட்டார் முன்வரிசை இருமல் மிட்டாய்க்காரர். "எங்க மாமா நிலையோட பேத்து எடுத்தாரு."

கயெத்தானாவுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க சொல்றதெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க மாமியார் என்ன பண்ணினாங்க தெரியுமா, டீச்சரம்மா? குழம்பு தோட்டத்துச் சுவர் வரைக்கும் வந்திருச்சு. எல்லாரும் ஓடுங்க ஓடுங்கன்னு கத்தறாங்க. அவங்க நிதானமா வீடு முழுக்கப் பெருக்கி, தரை தொடைச்சு, மேசையில நல்ல விரிப்பு விரிச்சு, ரொட்டியும் ஒயினும் எடுத்து வெச்சுட்டுத்தான் வெளிய வந்தாங்க. 'பாவம், அவ்வளவு தூரம் நடந்து களைச்சு வரா'ன்னாங்க."

"அப்புறம்?" என்றார் சம்பந்தி அம்மா. குரல் நூலாக இருந்தது.

"அப்புறம் என்ன, வந்தா. சாப்பிட்டா. வீட்டையும் சேத்துத்தான்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவரிடம் இவ்வளவு பெருமையைச் சொல்லக் கிடைத்த சந்தோஷம் அவர்களுக்கு. அவரவர் வீட்டில் என்னென்ன போயிற்று என்று போட்டி போட்டுச் சொன்னார்கள். திராட்சைத் தோட்டம், பன்றிக் கொட்டில், பாட்டன் கட்டின கிணறு. அது ஒரு மனுஷிக்கு எப்படிக் கேட்கும் என்று ஒருவருக்காவது தோன்றவில்லை. எனக்கே அப்போதுதான் தோன்றியது. பிறந்ததிலிருந்து கேட்கிற கதைகளை நான் அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். சம்பந்தி அம்மா இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

சக்கரம் தரையைத் தொட்டதும் வழக்கம்போல விமானமே கைதட்டியது. சம்பந்தி அம்மா தட்டவில்லை.

வாகன நிறுத்துமிடத்தில் எங்கள் கார் மேல் கருமணல் விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. சிரினோ பின்பெட்டியிலிருந்து துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார்.

"இது என்ன?" என்றார் சம்பந்தி அம்மா.

சிரினோ வாயைத் திறந்தார். "தூசி," என்றேன் நான்.

வீடு வந்து சேர்ந்தோம். வீட்டில் சமையலறைச் சன்னல் நேரே மலையைப் பார்த்தது. விருந்தாளிக்கென்று நாங்கள் எப்போதும் கொடுக்கும் நாற்காலி அதற்கு எதிரே. சம்பந்தி அம்மா அந்த நாற்காலியைத் தூக்கி, திருப்பிப் போட்டு, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சிரினோவுக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது.

நான் கத்தரிக்காய் வதக்கி, தக்காளி போட்டு, உப்பிட்ட ரிக்கோட்டா பாலாடைக்கட்டி துருவி, பாஸ்தா பரிமாறினேன். மூன்று பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோம். தூரத்தில் கும் என்று ஒரு சத்தம், சன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

"அது என்ன?"

"பக்கத்து வீட்டு லாரி," என்றேன்.

"பக்கத்து வீட்டுல ஏது லாரி?" என்றார் சிரினோ.

"சிரினோ, நீ போய் டீச்சரம்மா பெட்டியை மேல கொண்டு வெச்சுட்டு வா."

அவர் போனார். சம்பந்தி அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெனேரா, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கெல்லாம் பயமே இல்லையா?"

ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. அவ நல்லவ, மெதுவாத்தான் வருவா, அலமாரியக் கூட எடுத்துடலாம். அதைச் சொல்ல முடியவில்லை.

"இருக்கு," என்றேன். "எப்பவும் இருக்கு. கண்ணாடி ஆடும்போதெல்லாம் இருக்கு. இந்த ஊர்ல யாரும் யாரையும் அதக் கேக்க மாட்டாங்க. நானும் இன்னிக்குத்தான் வாய் விட்டுச் சொல்றேன்."

"அப்புறம் ஏன் என்னையும் எம்பொண்ணையும் இங்க கூப்பிடறீங்க?"

"எம்பையன் வேணும். அதுக்காகத்தான். உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுக் கூப்பிடல. எனக்கு வேணும்னுதான் கூப்பிட்டேன்."

சொல்லிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று எழுந்து பாத்திரங்களை அடுக்கினேன். நானே என் மகனை டூரினுக்கு மறுபடி அனுப்பிவைத்தேன் என்று நினைத்தேன்.

"உக்காருங்க," என்றார் சம்பந்தி அம்மா. டீச்சர் குரல். உட்கார்ந்துவிட்டேன்.

"விமானத்துல நான் தூங்கல. ரெண்டு தடவ அங்கயும் இங்கயும் இழுத்தடிச்சா யாருக்குத் தூக்கம் வரும்? கோவத்துல கண்ண மூடிக்கிட்டேன். நீங்க பின்னாடி அந்தம்மாகிட்ட சொன்னதெல்லாம் கேட்டேன். அந்தப் பாலாடைக்கட்டி நாத்தத்தையும் சகிச்சேன்." அவர் உதடு கொஞ்சம் துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "எங்க ஊர் மலைங்க ஒண்ணும் பண்ணாது. ஆல்ப்ஸ் சும்மா நிக்கும். நானும் மூணாம் மாடியில ஏழு வருஷமா சும்மா உக்காந்திருக்கேன். அங்கயும் பயம்தான், வெனேரா. குளியலறையில வழுக்கி விழுந்தா எத்தன நாள் கழிச்சுக் கண்டுபிடிப்பாங்கன்னு. என் மாடியில இருக்கறவங்களுக்கு என் பேரே தெரியாது. நான் எந்தப் பக்கம் உக்காரணும்னு ஒரு விமானமே சண்டை போட்டுது இன்னிக்கு. என் புருஷன் இருந்தப்பக் கூட யாரும் எனக்காக அப்படிச் சண்டை போட்டதில்ல."

நான் அழுதேன். அவர் தன் கைக்குட்டையை நீட்டினார். அது இஸ்திரி போட்டு நாலாக மடித்திருந்தது.

"வரேன்," என்றார். "ஆனா ஒரு நிபந்தனை. என் வீட்டுலேருந்து அவ தெரியக் கூடாது. எந்தச் சன்னல்லேருந்தும் தெரியக் கூடாது. நீங்க எல்லாரும் பயப்படறப்ப சேந்து பயப்படறேன். காலையில எழுந்ததும் அவ மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டேன்."

சிரினோ படியிறங்கி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகன் வருகிற சந்தோஷமும், மலைக்கு நேர்ந்த அவமானமும் ஒரே முகத்தில்.

கத்தானியாவில் மலை தெரியாத வீடு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும். பெரிய வீதியே நேராக அவள் காலடியைப் பார்த்துத்தான் போகிறது. வீட்டுத் தரகர்கள் வாயைத் திறந்தால் "மலை தெரியும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சிரினோ "தெரியாதது வேணும்" என்றதும் ஒரு தரகர் அவரை எந்த ஊர் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. கூனிக் குறுகிப்போனார். ஆனாலும் விடவில்லை. வீடு வீடாகப் போய், சன்னல் சன்னலாகத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டிக் கழுத்தைத் திருப்பி, "தெரியுது" என்று துக்கமாகச் சொல்லிவிட்டுத் திரும்புவார்.

கடைசியில் மீன் சந்தைக்குப் பின்னால், ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் கிடைத்தது. எல்லாச் சன்னலும் ஒரு தேவாலயத்தின் பின்சுவரைப் பார்த்தபடி. காட்டுவதற்கே தரகருக்கு வெட்கம். சம்பந்தி அம்மா வந்து, ஒவ்வொரு சன்னலாகத் திறந்து, சுவரைப் பார்த்து, "அருமை" என்றார்.

சாமான் இறக்கிய அன்று சிரினோ குழாயைச் சரிபார்க்கிறேன் என்று குளியலறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். முகமெல்லாம் பூரிப்பு.

"வெனேரா, இந்த மேல் சன்னல் இருக்கு பாரு. தொட்டி விளிம்புல ஏறி, நுனிக்கால்ல நின்னு, தலைய இப்படிச் சாய்ச்சா, ரெண்டு கூரைக்கு நடுவுல அவ தலை கொஞ்சமே கொஞ்சம் தெரியுது. சொல்லிடலாமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் என் மகன் அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க வாங்க லிவியாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். வந்ததிலிருந்து என்றைக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொன்னே, கொன்னுடுவேன்," என்றேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, நானும் தொட்டி விளிம்பில் ஏறிப் பார்த்தேன்.